பித்தளையை இளக்கி உருமாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நசுங்கிய சொம்பை நேராக்குவது, குழாயின் வாயைச் சுருக்குவது, தகட்டிலிருந்து கிண்ணம் அடிப்பது போன்ற வேலைகளைச் சிங்கப்பூரில் வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்பவர்களுக்காக எழுதியது இது. பித்தளை வேலை கெடுவது பெரும்பாலும் சுத்தியால் அல்ல. உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்தைக் கவனிக்காமல் விடுவதால்தான். கீழே வரும் பதில்களில் பல அதைப் பற்றியே இருக்கும்.

என்னிடம் இருப்பது பித்தளைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று முடிவுகட்ட வேண்டாம். மலிவான அலங்காரப் பொருள்கள் பல துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் முலாம் பூசியவை. அந்தக் கலவை 390 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், பித்தளையை இளக்கும் சூட்டை அதற்குக் காட்டினால் கண்முன்னே சரிந்து விழும். அடிப்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதை நெருப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் எடைக்கணக்கு. சமையலறைத் தராசில் பொருளை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலில் கட்டித் தொங்கும் தராசில் மாட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கவிட்டு நிறுங்கள். வெளியே 850 கிராம், தண்ணீருக்குள் 750 கிராம் என்றால் வித்தியாசம் 100. 850ஐ 100ஆல் வகுத்தால் 8.5. பித்தளையின் அடர்த்தி 8.4 முதல் 8.7 வரை இருக்கும். துத்தநாகக் கலவை 7க்குக் கீழே நின்றுவிடும்.

எல்லாப் பித்தளையும் ஒன்றுதானே?

இல்லை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளைதான் அடித்து உருமாற்றுவதற்கு ஏற்றது. C26000, C2600, H70 என்ற குறியீடுகளில் தகடாகவும் குழாயாகவும் கிடைக்கும். நன்றாக இளக்கிய நிலையில், அறுவதற்கு முன் தன் நீளத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் நீண்டு கொடுக்கும். துத்தநாகம் 37 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகத்துக்குள் வேறொரு படிக அமைப்பும் கலந்து வந்துவிடும். 60க்கு 40 பித்தளை அப்படிப்பட்டது. அதைப் பழுக்கக் காய்ச்சி வளைக்கலாம், சூடேற்றாமல் அடித்தால் சீக்கிரம் முறியும்.

கடைசலுக்கென்று விற்கும் உருண்டைக் கம்பியில் (C36000, C3604) சுமார் 3 விழுக்காடு காரீயம் கலந்திருக்கும். லேத்தில் சீவல் அழகாக உதிர்வதற்காகச் சேர்ப்பது அது. அதே காரணத்தால் அடிக்கும்போதும் வளைக்கும்போதும் அது விரிசல் விடும். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில் "பித்தளை" என்று மட்டும் கேட்டால் கம்பியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். கராங் கூனிக்காரரிடம் வாங்கும் பழைய பொருளில் குறியீடு எதுவும் இருக்காது, ஓரத்தில் சின்னத் துண்டை வளைத்துப் பார்ப்பதுதான் வழி.

அடிக்க அடிக்க ஏன் இறுகிப்போகிறது?

உலோகத்தின் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் உருமாறுகின்றன. வழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சிக்கல்கள் கூடி, அடுத்த வழுக்கலுக்குத் தடையாகின்றன. இளகிய 70/30 பித்தளையின் கடினம் விக்கர்ஸ் அளவில் 60 முதல் 65. முழுக்க இறுகியபின் 150ஐத் தாண்டும். அதன் பிறகும் அடித்தால் வளைவதற்கு இடமில்லாமல் வெடிக்கும்.

எப்போது நிறுத்துவது என்று காதும் கையுமே சொல்லிவிடும். இளகிய பாத்திரத்தைத் தட்டினால் "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். இறுக இறுக ஒலி கூர்மையாகி மணிபோல் அடிக்கும். சுத்தி கையில் துள்ளி எழத் தொடங்கினாலோ அடித்த இடம் திரும்ப எழும்பினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். இன்னும் நாலு அடி தாங்கும் என்று நினைத்துப் போடும் அடியில்தான் விளிம்பு கிழியும்.

எவ்வளவு சூடாக்க வேண்டும்? சரியான சூடு வந்துவிட்டதென்று எப்படி அறிவது?

இப்படிச் சூடேற்றி இளக்குவதைப் பட்டறையில் அனீலிங் என்பார்கள். 70/30 பித்தளைக்கு அதன் எல்லை 425 முதல் 750 டிகிரி. கையில் டார்ச் வைத்துச் செய்யும்போது 550 முதல் 600 வரை போதும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள். உலோகத்தில் மங்கலான சிவப்பு, தெரிந்தும் தெரியாததுமாகத் தோன்றும் கணம்தான் அந்தச் சூடு. அதே சிவப்பை எல்லா இடத்திலும் ஒருமுறை வரவழைத்து, சுடரை மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நிற்க வேண்டாம்.

சன்னல் வெளிச்சத்தில் செய்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நண்பகல் வெயிலில் மங்கல் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. சிவப்பு தெரியும்வரை சூடேற்றினால் அதற்குள் 700ஐத் தாண்டியிருக்கும். 915 டிகிரியில் இந்தப் பித்தளை உருகத் தொடங்கும். மெல்லிய விளிம்பு அதற்கு முன்பே தொய்ந்துவிடும்.

மேற்பரப்பில் மஞ்சளும் நீலமுமாக வரும் நிறத்தை நம்பாதீர்கள். அது ஆக்சைடு படலம் மட்டுமே, இளக்கம் வருவதற்கு வெகு முன்னரே தோன்றிவிடும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் வெப்பநிலைக் கிரேயான்கள் தொழிற்சாலைப் பொருள் கடைகளில் கிடைக்கும். சுடர் நேராகப் படாத பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வைத்தால் ஊகமே தேவையில்லை.

சூடாக இருக்கும்போதே தண்ணீரில் முக்கலாமா?

70/30 தகடென்றால் முக்கலாம். எஃகைப் போல அது இறுகாது. தானாக ஆறினாலும் தண்ணீரில் ஆறினாலும் மென்மை ஒன்றுதான். வார்ப்புப் பொருளையும் காரீயம் கலந்ததையும் முக்க வேண்டாம், அதிர்ச்சியில் விரிசல் விடும்.

ஆனால் பழுக்கக் காய்ச்சி வளைக்கும் 60/40 தவிர, எந்தப் பித்தளையையும் சூட்டோடு அடிக்காதீர்கள். இரும்புக்குப் பழகிய கை இதைத்தான் முதலில் செய்யும். சுமார் 300 முதல் 600 டிகிரி வரையுள்ள இடைச்சூட்டில் பித்தளை நொறுங்கும் தன்மை கொள்ளும், காரீயம் கலந்ததில் அது இன்னும் மோசம். முழுக்க ஆறவிட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகே சுத்தியை எடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

சின்னப் பொருளென்றால் சமையலறையில் முடியும். கைப்பிடி டார்ச், அதற்கடியில் ஒரு தீச்செங்கல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும். நேராகச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சூடேற்றாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டுகள் தெறிக்கும். தரை ஓடும் பிளந்துவிடும். 2018 ஜூன் 1க்குப் பிறகு கட்ட அனுமதி பெற்ற வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் சூடேற்றினால் முதலில் அதுதான் கத்தும்.

பொது நடைபாதையில் வேண்டவே வேண்டாம். அது தீ நேரத்தில் தப்பிக்கும் வழி. குடமோ அண்டாவோ என்றால் வீட்டுச் சுடர் போதாது. ஒரு பக்கம் சிவப்பதற்குள் மறுபக்கம் ஆறிவிடும். இளக்கமும் திட்டுத்திட்டாகத்தான் வரும். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

சூடேற்றியதும் கறுத்துவிட்டது. எப்படி நீக்குவது?

வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். பேக்கிங் பொருள் கடையில் தூளாகக் கிடைக்கும். அரைமணி நேரம் ஊறவிட்டு நாரால் தேய்த்தால் போய்விடும். புளியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அனீலிங் கரிக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

எடுக்கும்போது பாத்திரம் செம்பு நிறமாக, ஏறக்குறைய இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து வெளியேறி செம்பு தங்கிவிட்டது, அல்லது பழைய கரைசலில் இருந்த செம்பு திரும்பப் படிந்துவிட்டது. இரும்பு இடுக்கியையோ கம்பியையோ கரைசலுக்குள் விட்டால் இரண்டாவது நிச்சயம் நடக்கும். மர இடுக்கியோ பிளாஸ்டிக்கோ பயன்படுத்துங்கள். படிந்த சிவப்பை மெருகுப்பொடியால் தேய்த்தாலே மஞ்சள் வெளியே வந்துவிடும். கடைசியாகச் சோடா உப்புக் கரைசலில் அலசித் துடைத்துவிடுங்கள்.

சொம்பு நசுங்கிவிட்டது. ஒடுக்கு எடுப்பது எப்படி?

முதலில் உள்ளே பாருங்கள். வெள்ளிபோல் பளபளத்தால் அது ஈயப்பூச்சு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், எனவே அனீலிங் செய்தால் பூச்சு போய்விடும். திரும்பப் பூச வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள். அடுத்து, கழுத்தும் உடலும் சேருமிடத்தில் பற்றவைத்த கோடு இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவுங்கள். குறைந்த சூட்டில் உருகும் மென்பற்றாசு வைத்த இணைப்பு 190 டிகிரியிலேயே கழன்றுவிடும். அப்படியென்றால் சூடேற்றாமல், ஒடுக்கை எடுக்கும் அளவுக்கு மட்டும் வேலை செய்யுங்கள்.

சூடேற்ற முடியுமென்றால் ஒடுக்கைவிட இருமடங்கு அகலத்துக்கு இளக்குங்கள். ஒடுக்கை மட்டும் இளக்கினால் சுற்றியுள்ள இறுகிய வளையம் அதை விடாது. உள்ளேயிருந்து தாங்க, முனை உருண்டையான ஒரு கம்பி வேண்டும். வைஸில் கட்டி, நுனியை நன்றாக மெருகேற்றிவையுங்கள், அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பாத்திரத்தில் பதியும். வெளியே மரச்சுத்தி அல்லது தோல்சுத்தி.

ஒடுக்கின் நடுவில் தொடங்காதீர்கள். நடுவைக் குத்தி எழுப்பினால் உலோகம் நீண்டு, ஒடுக்கு இருந்த இடத்தில் கொப்புளம் வந்துவிடும், அதைத் திரும்ப உள்ளே தள்ள இடமிருக்காது. விளிம்பிலிருந்து சுற்றிச்சுற்றி உள்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டின் பாதியை மூட வேண்டும். கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால் அதன் நுனிகளை முதலில் திறந்துவிட்டு நடுவை விட்டுவையுங்கள், கடைசியில் அது தானாகவே எழும். பாதியிலேயே ஒலி மாறினால் திரும்ப இளக்குங்கள்.

குழாயின் வாயை எப்படிச் சுருக்குவது?

சரிவான துளையுள்ள ஓர் எஃகு அச்சுக்குள் குழாயை நேராகத் தள்ளுவதுதான் முறை. ஒரு முறைக்கு விட்டத்தில் 10 விழுக்காடு குறைத்தால் நல்லது, 15ஐத் தாண்ட வேண்டாம். 16 மில்லிமீட்டர் குழாயை 13 ஆக்க வேண்டுமென்றால் முதலில் 14.5, பிறகு இளக்கிவிட்டு 13.

சுருங்கும் உலோகம் எங்கேயாவது போக வேண்டுமல்லவா? கொஞ்சம் நீளமாகும், மீதி தடிமனாகும். 0.8 மில்லிமீட்டர் சுவருள்ள அந்தக் குழாய் 13க்கு வரும்போது சுவர் 1 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். உள்விட்டம் 11.4 கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தால் 11தான் வரும். உள்ளே ஏதாவது பொருந்த வேண்டுமென்றால் கடைசியில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு அகலமாக்கும் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். நீளத்தையும் சுருக்கிய பிறகே அறுங்கள், முன்கூட்டி அறுத்தால் விளிம்பு அலையலையாக வரும்.

குழாய் முழுவதையும் இளக்காதீர்கள். சுருக்கும் வாயை மட்டும் இளக்கினால்தான் மற்றப் பகுதி தள்ளும் விசையைத் தாங்கும். முழுக்க இளகிய குழாய் அச்சுக்கு வெளியே நடுவில் உப்பிக் கசங்கும். தட்டில் தண்ணீர் விட்டுக் குழாயை நிறுத்தி, இளக்க வேண்டிய நீளம் மட்டும் மேலே தெரியும்படி வைத்துச் சூடேற்றினால் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி 100 டிகிரியைத் தாண்டாது.

உராய்வுக்கு விளக்கெண்ணெய் நன்றாக வேலை செய்யும். விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள், வழியவிடாதீர்கள். அச்சுக்குள் தேங்கும் எண்ணெய்க்கு வெளியேற வழியில்லை, அது அழுத்தப்பட்டுச் சுவரில் குழி போட்டுவிடும். அச்சில் தேய்ந்ததுபோல் நீளவாட்டில் கீறல் விழுந்தால் குறை எண்ணெயில் அல்ல. துளையைத் திரும்ப மெருகேற்ற வேண்டும். சுருக்கங்கள், அதாவது மடிப்புகள் வந்தால், ஒரே தள்ளலில் அதிகம் குறைத்துவிட்டீர்கள். மடிந்தபின் அதை எடுக்க முடியாது, அந்த நீளத்தை அறுத்தெறியுங்கள்.

விரிப்பதற்கும் அதே முறைதானா?

ஏறக்குறைய. சரிவான முளையை உள்ளே செலுத்த வேண்டும். சுருக்கும்போது மடிப்பு வரும், விரிக்கும்போது கிழிசல். கிழிசல் எப்போதும் வாயின் விளிம்பில், அறுத்தபோது நின்றுபோன பிசிரில்தான் தொடங்கும். உள்ளும் புறமும் பிசிர் எடுத்து, நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பை வழவழப்பாக்கிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலான கிழிசல் இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்த்ததால் வந்தவை.

துப்பாக்கித் தோட்டாவின் உறையும் இதே பித்தளைதானே? ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற்றுகிறார்களாமே?

ஆம். 70/30 பித்தளைக்கு ஆங்கிலத்தில் தோட்டாவை வைத்துத்தான் பெயரே. தட்டையான வில்லையைக் கிண்ணமாக்கி, இழுத்து நீட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் இளக்கி அதைச் செய்கிறார்கள். அடிப்பாகம் அழுத்தத்தைத் தாங்க இறுகியே இருக்கும், கழுத்து மட்டும் கடைசியில் இளக்கப்படும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிறம் அந்தச் சூட்டின் தடம்தான்.

தனிநபர் இதைச் செய்ய உரிமம் தரும் நாடுகளில், .308 வின்செஸ்டர் உறையின் கழுத்தைச் சுருக்கி .243 ஆக்குவதும், .30-06 உறையை .270க்குக் கொண்டுவருவதும் பழைய வழக்கம். அடிப்பாகத்தின் விட்டம் ஒன்றாக இருப்பதால்தான் இது முடிகிறது, மாறுவது கழுத்தும் தோளும் மட்டும். மேலே குழாய்க்குச் சொன்ன அதே தொல்லைகள்தான் அங்கும்: கழுத்துச் சுவர் தடிக்கும், நீளம் மாறும், எண்ணெய் தேங்கினால் தோளில் குழி விழும். அடிப்பாகத்துக்குச் சூடு இறங்கி அது இளகிவிட்டால் அந்த உறை ஆபத்து, குப்பைக்குத்தான்.

சிங்கப்பூரில் இது பொழுதுபோக்கே அல்ல. தோட்டாக்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, வெளிநாட்டிலிருந்து நினைவுப் பொருளாகக் காலி உறையைப் பையில் போட்டு வந்தாலும் சோதனைச் சாவடியில் சிக்கல்தான். தேசிய சேவை செய்தவர்களுக்குத் தெரியும்: சுடுதளத்தை விட்டு வெளியேறும் முன் காலி உறைகூட என்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பித்தளையில் கைப்பழக்கம் வேண்டுமென்றால் 70/30 குழாய் வாங்கிக்கொள்ளுங்கள், உலோகம் ஒன்றே.

வேலை நன்றாக முடிந்தது. சில மாதம் கழித்து, யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து நேர்கோடாக வெடித்திருக்கிறது. ஏன்?

இந்த வெடிப்பு பிரிட்டிஷ் இந்தியாவில் பேர்போனது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், வெயில் திரும்பியதும் எடுத்துப் பார்த்தால் கழுத்தில் பிளந்திருந்தன. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, காற்றின் ஈரம், உலோகத்துக்குள் இழுத்த வேலையால் தங்கிய இறுக்கம். மூன்றும் சேர்ந்தால்தான் வெடிக்கும்.

இங்கே ஈரத்துக்குக் குறைவில்லை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டும். அமோனியாவும் வீட்டிலேயே இருக்கிறது: சில மெருகுத் திரவங்கள், கண்ணாடி துடைக்கும் திரவம், முடிச்சாயம், பூனைக் கழிவு மணல், சன்னலோரப் புறா எச்சம். இவை இரண்டையும் முழுக்கத் தடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது இறுக்கம் ஒன்றுதான்.

அதை நீக்க அனீலிங் அளவுச் சூடு தேவையில்லை. வீட்டு ஓவனை 250 டிகிரிக்கு வைத்து, பொருளை ஒரு மணி நேரம் உள்ளே விட்டு, ஓவனோடு சேர்த்து ஆறவிடுங்கள். கடினம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், உள்ளிறுக்கத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஈயம் பூசியதையும் மென்பற்றாசு வைத்ததையும் இப்படி வைக்காதீர்கள், உருகி ஓடிவிடும். ஈயம் பூசப்போகும் பாத்திரமென்றால் பூசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

விழுந்த வெடிப்பை அடைக்க முடியுமா?

முடியும். வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 1.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் அது இன்னும் ஓடும். காட்மியம் இல்லாத 55 விழுக்காட்டு வெள்ளிப் பற்றாசு 630 முதல் 660 டிகிரியில் உருகும், பித்தளையின் உருகுநிலைக்கு அது வெகு கீழே. சமைக்கும் பாத்திரமென்றால் காட்மியம் இல்லை என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகிவிட்டதே?

அதிகச் சூடு, அல்லது அதிக நேரம். படிகங்கள் பெரிதாக வளர்ந்து, வளைக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே எழும்புகிறது. மேலோட்டமாக இருந்தால் தேய்த்து மெருகேற்றலாம். ஆழமாக இருந்தால் அடுத்தடுத்து அடித்து, குறைந்த சூட்டில் இளக்கினால் படிகம் திரும்பச் சிறிதாகும்.

குத்துவிளக்கின் தண்டு வளைந்துவிட்டது. இதே முறையில் நேராக்கலாமா?

வேண்டாம். கேம்பல் லேனில் விற்கும் குத்துவிளக்குகள் பெரும்பாலும் வார்ப்பு. உள்ளே காரீயமும் இருக்கலாம், காற்றுத் துளைகளும் இருக்கலாம். வளைத்தால் துளை இருக்குமிடத்தில் முறியும். பாகங்கள் மரையில் கழன்று வருபவை என்பதால், வளைந்த தண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அகலின் மூக்கு லேசாக நசுங்கியிருந்தால் மரக்கட்டையை வைத்து, சூடேற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். முழுதாக நேராக்க முயல வேண்டாம்.

புகை ஆபத்தா?

சரியான சூட்டில் புகையே வராது. வெள்ளைப் புகை கிளம்பினால் துத்தநாகம் எரிகிறது என்று பொருள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், அதாவது நீங்கள் உருகும் விளிம்பில் நிற்கிறீர்கள். சுடரை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல்போல் வரும். பழைய பாத்திரத்தின் ஈயப்பூச்சில் காரீயம் கலந்திருக்கலாம். அதை உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஈரமாகவே தேய்த்துத் துடைத்தெடுங்கள்.